விழுந்த சத்தமும் இறங்கி வந்த சத்தமும்

மாமியாருக்குக் கொலை என்றால் உயிர். இப்படிச் சொன்னால் அந்த அம்மாளைப் பற்றித் தப்பாக நினைத்துக்கொள்வீர்கள். தரையில் எறும்பு வரிசை போனால், அது கடந்து முடியும்வரை துடைப்பத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனுஷி அவர். ஆனால் காலையில் செய்தித்தாள் வந்துவிட்டால், யார் ஆட்சியைப் பிடித்தார்கள், யார் கவிழ்ந்தார்கள் என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. நேரே கொலைப் பக்கத்துக்குப் போய்விடுவார். கையில் இருக்கிற டீ ஆறி ஆடை கட்டிவிடும்.

"புருஷனாத்தான் இருக்கும்" என்பார் பாதி படிக்கும்போதே. கடைசியில் புருஷனாகத்தான் இருக்கும். "நான் சொல்லல?" என்று பேப்பரை மடித்து வைத்துவிட்டு, திருப்தியாகக் காய் நறுக்கப் போவார்.

மருமகளுக்கு இதில் ஒரு புகாரும் இல்லை. அவள் பிழைப்பே கொலையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. சினிமாவில் ஒருவர் நடக்கிறார், கதவைத் திறக்கிறார், குத்துப்பட்டுச் சாய்கிறார் என்றால், அந்தச் சத்தங்கள் எல்லாம் படம் பிடிக்கும் இடத்தில் ஒழுங்காகப் பதிவாவதில்லை. பிறகு ஸ்டுடியோவில் திரையைப் பார்த்துக்கொண்டே அந்தச் சத்தங்களை ஒவ்வொன்றாகக் கையாலும் காலாலும் உண்டாக்குவதுதான் அவள் வேலை. கத்திக்குத்துக்கு முட்டைகோஸ், மண்டை உடைவதற்குத் தர்பூசணி, எலும்பு முறிவதற்கு ஈரத்துணியில் சுற்றிய கேரட். மாமியார் அவளுக்கு வைத்த பெயர் சத்தக்காரி.

மாமியார்தான் அவளுக்கு வீட்டிலிருந்த ஆலோசகர். "இந்தக் கோஸ் ரொம்பப் புதுசா இருக்கும்மா. ரெண்டு நாள் வாடட்டும். மனுஷ உடம்பு இவ்வளவு மொறுமொறுன்னு இருக்காது" என்பார். குத்துப்பட்ட காய்களை வீணாக்க மனசு வராமல் இருவரும் அவற்றையே சமைத்தும்விடுவார்கள். சாப்பிட உட்கார்ந்ததும் மகன் தட்டைப் பார்த்து, "இது எந்தப் படம்?" என்று கேட்பான். மாமியாரும் மருமகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரிப்பார்கள். சத்தக்காரி தன்னைப் பெற்றவளிடம்கூட இவ்வளவு சிரித்ததில்லை.

மகன் பல் டாக்டர். சாது. ஊரில் உள்ள எல்லோரிடமும் "வலிக்கவே வலிக்காது" என்று சொல்லிச் சொல்லி, தனக்கும் அப்படித்தான் வாழ்க்கை போக வேண்டும் என்று நினைத்துவிட்ட ஆள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவனுக்கு ஒரு நாள் பொறுமை போயிற்று.

அன்று மாமியார் மகனுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கிளினிக்கின் வரவேற்பறையில் சற்றே உட்கார்ந்தார். பக்கத்தில் கன்னம் வீங்கிய ஒரு மனிதர், ஊசி என்றால் பயமாக இருக்கிறது என்று முனகினார். மாமியார் ஆறுதல் சொல்லப் புறப்பட்டார். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பது இதுதான்.

"பயப்படாதீங்க. ஊசியில செத்தவங்க ரொம்பக் கம்மி. போன வருஷம் ஒருத்தன் மயக்க ஊசி போட்டுப் பொண்டாட்டியக் கொன்னான். ஆனா அவன் பல் டாக்டர் இல்ல, மாட்டு டாக்டர்."

கன்னம் வீங்கியவர் வீங்கிய கன்னத்தோடேயே எழுந்து போனார். அவர் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். டாக்டர் கதவைத் திறந்து, "அடுத்தது யாரு?" என்று கேட்டபோது, தொட்டியில் இருந்த மீன்கள் மட்டும்தான் மிஞ்சியிருந்தன.

"போதும்மா" என்றான் வீட்டுக்கு வந்ததும். "கொஞ்ச நாள் அண்ணன் வீட்டுல இருந்துட்டு வாங்க. இந்தப் பேப்பர், கொலை, கண்றாவி எல்லாத்தையும் மறந்துட்டு நிம்மதியா இருங்க. மாடியில சித்தப்பா இருக்காரு. பேச்சுத் துணைக்கும் ஆச்சு."

சித்தப்பா என்றால் மாமியாருடைய தங்கையின் கணவர். அந்தத் தங்கை கல்யாணமான புதிதிலேயே மாடிப்படியில் வழுக்கி விழுந்து இறந்துபோனாள். அந்த மனிதர் அதற்குப் பிறகு வேறு கல்யாணமே செய்துகொள்ளவில்லை. கிடைத்தால் இப்படி ஒரு புருஷன் கிடைக்க வேண்டும் என்று குடும்பமே அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. மூத்த மகன் அவரைத் தன் வீட்டு மாடியிலேயே குடிவைத்து, பெற்ற அப்பாவைப் போலப் பார்த்துக்கொண்டான்.

எதற்கும் மறுப்புச் சொல்லாத மாமியார் அன்று மட்டும், "அங்க மாடிப்படி இருக்குப்பா" என்றார்.

"உங்களுக்குக் கீழ் ரூம்தானேம்மா? நீங்க எதுக்குப் படி ஏறப் போறீங்க?"

"இருந்தாலும் மாடிப்படி இருக்கு."

முட்டி வலியை நினைத்துப் பயப்படுகிறார் என்று மகன் முடிவு கட்டினான். ரயிலுக்கு டிக்கெட்டும் எடுத்துவிட்டான். மருமகள் எவ்வளவோ மன்றாடிப் பார்த்தாள். "அத்தை இல்லாம இந்த வீடு வெறிச்சுன்னு போயிடுமேங்க" என்றாள். "உங்க ரெண்டு பேரையும் சேர்த்து வச்சா என் கிளினிக்தான் வெறிச்சுன்னு போகும்" என்றான் அவன். அதிலும் நியாயம் இருந்தது.

அதற்குப் பிறகு மாமியார் பேப்பரைத் தொடவில்லை. பெட்டியில் புடவைகளை அடுக்குவார், எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைப்பார், மறுபடி அடுக்குவார். சாப்பிடக் கூப்பிட்டால் பசியில்லை என்பார். சும்மா ஊருக்குப் போகிறவர் முகமா இது? இந்த முகத்தைச் சத்தக்காரி வேறு எங்கோ பார்த்திருந்தாள். கிளினிக்கில் நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறக்கிறவர்களின் முகம் அது.

புறப்படுகிற நாளன்று மாமியார் ஒரே ஒரு ஆசையைக் கேட்டார்.

"உன் ஸ்டுடியோவுக்கு என்னைக் கூட்டிட்டுப் போறியா? போறதுக்கு முன்னாடி ஒரு கொலையாவது பார்த்துட்டுப் போறேனே."

கிளினிக்கை மூடிவிட்டு மகன் ஸ்டுடியோவுக்கே வந்து அம்மாவை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு.

ஸ்டுடியோ என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஜன்னல் இல்லாத அறை, சுவரெல்லாம் தடித்த பஞ்சு. தரையில் ஒரு கட்டம் மரம், ஒரு கட்டம் சிமெண்ட், ஒரு கட்டம் ஜல்லி, ஒரு கட்டம் மணல். அலமாரி நிறைய யார் யாருடையவோ பழைய செருப்புகள், பூட்ஸ்கள். ஒரு மூலையில் எங்கேயும் போய்ச் சேராத ஒரு குட்டி மரப் படிக்கட்டு. எதிரே பெரிய கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்கிறவர் இருந்தார். அவரை எல்லோரும் கண்ணாடிக்காரர் என்பார்கள். அவர் பக்கத்தில் படத்தின் இயக்குநர். தலையிலிருந்து தொப்பியைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை என்பதால் அவன் பெயர் தொப்பி.

"ஆடக் கூடாது, அசையக் கூடாது அத்தை. மைக் எல்லாத்தையும் இழுத்துக்கும்" என்று நாற்காலியைப் போட்டாள் மருமகள்.

"மூச்சு விடலாமா?"

"மெதுவா விடுங்க."

தொப்பி எடுத்த படம் ஒரு சிரிப்புப் படம். கொலைச் செய்தி என்றால் நாக்கைச் சப்புக்கொட்டுகிற ஜனங்கள் குடியிருக்கும் ஒரு கட்டடம். ஒரு நாள் மேல் மாடிக்காரி படியில் உருண்டு விழுந்து இறக்கிறாள். விழுந்தாளா, புருஷன் தள்ளினானா என்று கட்டடமே பந்தயம் கட்டுகிறது. அவள் விழுவதைப் படத்தில் காட்டவே மாட்டார்கள். வீட்டுக்கு வீடு கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறவர்களின் பூரித்த முகங்களை மட்டும் காட்டுவார்கள். ஆகவே அந்தக் கொலை முழுவதும் சத்தத்தில்தான் நடந்தாக வேண்டும். அந்த ஒரு காட்சிதான் பல நாளாகச் சரியாக வராமல் சத்தக்காரியின் உயிரை எடுத்துக்கொண்டிருந்தது.

சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் முகங்கள் வந்தன. கனத்த கோட்டில் சுற்றிய மணல் மூட்டையை அவள் படிக்கட்டில் உருட்டிவிட்டு, கூடவே முழங்கையால் மரத்தில் இடித்தாள். பிறகு பூட்ஸ் போட்ட காலால் படியில் தடதடவென்று ஓடி இறங்கினாள். மனைவி விழுந்ததைப் பார்த்துப் புருஷன் ஓடி வருகிறான்.

விளக்கு அணைந்தது. ஸ்பீக்கரில் தொப்பியின் குரல் கேட்டது. "சிரிப்பும் வரல, பயமும் வரல. என்னமோ குறையுதுக்கா."

"அப்படி வர மாட்டான்மா" என்றார் மாமியார்.

அந்த அறையில் விருந்தாளி வாய் திறப்பது, ஆபரேஷன் நடக்கும்போது பார்வையாளர் கத்தரிக்கோலை எடுத்துக் கொடுப்பது மாதிரி.

"யாருக்கா அது?"

"என் மாமியார்" என்றாள் சத்தக்காரி, கூச்சத்தோடு. "அவங்களுக்கு இதுல கொஞ்சம் ஆர்வம்."

"விழுந்த சத்தம் சரியாத்தான் இருக்கு" என்றார் மாமியார், கண்ணாடியைப் பார்த்து. "இறங்கி வர்ற சத்தம்தான் தப்பு. தவறி விழுந்திருந்தா ஓடி வருவான், வெறுங்காலோட ஓடி வருவான். தள்ளிவிட்டவன் எதுக்கு ஓடி வரணும்? முதல்ல ஒண்ணுமே கேக்காது. மேல நின்னு எட்டிப் பாத்துட்டிருப்பான். அப்புறம் செருப்பைத் தேடுவான்."

"செருப்பையா?"

"ஆமா. செருப்பை மாட்டிக்கிட்டு, ஒவ்வொரு படியா இறங்கி வருவான்."

தொப்பிக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அம்மா, நீங்களே நடந்து காட்டுங்களேன். சும்மா ஒரு தடவை."

மாமியார் எழுந்தார். அலமாரிக்குப் போய், ஒவ்வொரு ஜோடியாக எடுத்துத் தரையில் தட்டிப் பார்த்தார். கடைசியில் ஓர் ஆம்பிளையின் தடித்த தோல் செருப்பைத் தேர்ந்தெடுத்தார். முட்டி வலிக்காரர், அந்தக் குட்டிப் படிக்கட்டில் யாருடைய கையையும் பிடிக்காமல் ஏறி உச்சியில் நின்றார். மருமகள் மூட்டையை உருட்டிவிட்டாள்.

ஒன்றும் கேட்கவில்லை. வெகு நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு செருப்பு மரத்தில் விழுந்தது. இன்னொன்று விழுந்தது. இரண்டையும் மாட்டிக்கொண்டு இறங்கினார். ஒரு கால் அழுத்தமாக, "டப்". மறு கால் தேய்த்துக்கொண்டு, "சர்ர்க்". டப், சர்ர்க். அவசரமே இல்லை. ஒரு வேலையை முடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகிற நடை. எத்தனையோ பேருடைய நடையை நடந்து பிழைக்கிற சத்தக்காரிக்கே கையில் மயிர்க்கூச்செறிந்தது. இவர் கற்பனை செய்து நடக்கவில்லை என்று அவள் காது சொன்னது.

அப்போது ஸ்பீக்கரில் ஒரு குரல் கேட்டது. தொப்பியின் குரல் அல்ல, அவள் கணவனின் குரல்.

"அட, சித்தப்பா வந்திருக்காரா? எப்ப வந்தாரு?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் அப்போதுதான் கதவைத் திறந்து உள்ளே வந்திருந்தான். கையில் இருந்த போனைப் பார்த்துக்கொண்டே வந்தவன், இந்த அறையை இன்னும் பார்க்கவில்லை. அங்கே ஸ்பீக்கரில் வந்த நடையை மட்டும் கேட்டான். சித்தப்பாவுக்குப் பிறந்ததிலிருந்தே ஒரு கால் குட்டை. அந்த நடை வாசலில் கேட்டாலே போதும், குழந்தைகள் எல்லாம் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்வார்கள். அவனும் அப்படி ஓடி வளர்ந்தவன்தான். அதனால் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தான். கண்ணாடி வழியே பார்த்தபோது கடைசிப் படியில், பெரிய செருப்புக்குள் சின்னக் காலோடு, அவன் அம்மாதான் நின்றுகொண்டிருந்தார்.

அவன் சிரிப்பு அப்படியே நின்றது.

மாமியார் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். படியில் உட்கார்ந்தார்.

"அவனுக்கே தெரிஞ்சுபோச்சு பாரு" என்றார் மருமகளிடம், தணிந்த குரலில்.

மகன் உள்ளே வந்தான். பின்னாலேயே தொப்பியும் கண்ணாடிக்காரரும் வந்து கதவோரம் நின்றார்கள். மகன் அம்மாவின் எதிரே மணல் கட்டத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தான். நல்ல பேண்ட், அதைப் பற்றி அவன் நினைக்கவில்லை.

"என்னம்மா இது?"

"நான் கீழ சமையல் ரூம்ல இருந்தேன்டா" என்றார் அவர். "தங்கச்சியப் பாக்கப் போயிருந்தேன். மேல ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருந்தாங்க. சண்டைகூட இல்ல. அப்புறம் பேச்சு நின்னுது. அவ விழுந்தா. கத்தவே இல்ல. நான் ஓடிப்போய் மடியில எடுத்து வச்சுக்கிட்டேன், மூச்சு இருந்துது. 'மேல யாராவது வாங்க'ன்னு கத்துறேன். வரல. அப்புறம்தான் செருப்பு மாட்டுற சத்தம். அப்புறம் அந்த நடை. அவன் கடைசிப் படிக்கு வர்றதுக்குள்ள அவ போயிட்டா."

மகனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "இதை ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னேனே. எங்கப்பாகிட்ட சொன்னேன். 'செருப்பு மாட்டுனதெல்லாம் ஒரு சாட்சியா? கால் ஊனமான மனுஷன் வேற எப்படி வருவான்? வாயை மூடு, நீயும் வாழணும்'னாரு. டாக்டர், 'வழுக்கி விழுந்து இறந்துட்டா'ன்னு எழுதிக் குடுத்தாரு. அப்புறம் அவன் அழுதான். ஊரே சேர்ந்து அழுதுது. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சாச்சு. அதுக்கப்புறம் என்னை யாரும் ஒண்ணும் கேக்கல."

மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பேப்பர் பேப்பர்னு கோவிச்சுக்கிறியே" என்றார் மாமியார் மகனிடம். "எவன் கொன்னான்னா பாக்குறேன்? எங்கயாவது ஒரு கேஸ்ல, ஒரே ஒரு கேஸ்ல, செருப்புச் சத்தத்தை வச்சு ஒருத்தன் மாட்டியிருக்கானான்னு பாக்குறேன்டா. கத்தி வச்சு மாட்டுறான், ரத்தக்கறை வச்சு மாட்டுறான், போன் வச்சு மாட்டுறான். செருப்பு வச்சு எவனுமே மாட்டல. அப்படி ஒண்ணு வந்துட்டா, நான் கேட்டதும் பொய்யில்லன்னு ஆயிடும் இல்ல? சில நாள் எனக்கே சந்தேகமா இருக்கும். பாவம், காலு சரியில்லாத மனுஷன், அவன் மேல வீணாப் பழி போடுறேனோன்னு. இப்ப அங்க போய், தினம் அந்த நடை மாடிப்படி இறங்கி வர்றதைக் கேட்டுக்கிட்டுப் படுத்திருக்கணும்."

வாரம் தவறாமல் சித்தப்பாவோடு பேசுகிறவன் மகன். படிப்புக்குத் துணையாக நின்ற மனிதர், கிளினிக்குக்கு ரிப்பன் வெட்டிய மனிதர். அம்மா சொல்வது நிஜமென்றால் அவர் யார்? பொய்யென்றால் அம்மா யார்? அந்த அறையிலேயே ஏதோ ஒன்றை இழந்துவிட்டுத்தான் எழுந்திருக்க முடியும் என்று அவனுக்குப் புரிந்தது. போனை எடுத்தான்.

"வேண்டாம்டா" என்றார் மாமியார். "எதுக்கு இப்ப?"

எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டான். அந்தப் பக்கம் உடனே எடுத்தார்கள். பின்னணியில் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"என்னப்பா, அம்மா கிளம்பியாச்சா? நானே ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிக்கிறேன்னு சொல்லு." அன்பான குரல். கேட்டால் யாருக்கும் பிடித்துப்போகிற குரல்.

"சித்தப்பா, சித்தி படியில விழுந்தப்ப, நீங்க செருப்பு போட்டுக்கிட்டா இறங்கி வந்தீங்க?"

பதில் இல்லை. பைத்தியமா உனக்கு என்று அவர் கேட்டிருக்கலாம். ஞாபகமில்லை என்று சொல்லியிருக்கலாம். என்னடா கேள்வி இது என்று வைதிருந்தால்கூட மகன் அந்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்டிருப்பான். வைய வேண்டும் என்றுதான் அவன் மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தான். டிவியின் சத்தம் குறைவது சத்தக்காரிக்குக் கேட்டது. யாரோ எழுந்துபோய்க் கதவைச் சாத்துவது கேட்டது. எல்லாவற்றையும் நிதானமாகச் செய்துவிட்டு, அந்தக் குரல் திரும்பி வந்தது.

"உங்கம்மா என்ன சொன்னா?"

மகன் கண்ணை மூடிக்கொண்டான். "அம்மா ஒண்ணும் சொல்லல சித்தப்பா. நடந்து காட்டுனாங்க."

போன் வைக்கப்பட்டது.

மாமியார் அழுதார். தங்கை செத்த அன்று அழ விடாமல் வாயைப் பொத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு அழுதால் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. இப்போதுதான் அவருக்கு வழி கிடைத்தது. வாய்விட்டு, வெட்கமில்லாமல், தங்கையின் செல்லப் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். மகன் அவர் மடியில் தலையைப் புதைத்துக்கொண்டு, "மன்னிச்சிடும்மா, மன்னிச்சிடும்மா" என்றான். மருமகள் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். சத்தத்தைத் தேடியே வாழ்கிற அந்த அறை அதுவரை இப்படி ஓர் அழுகையைக் கேட்டதில்லை.

வெகு நேரம் கழித்து, கதவோரம் நின்ற தொப்பி தயங்கித் தயங்கி முன்னால் வந்தான். தொப்பி அவன் கையில் இருந்தது. தலையில் பாதி வழுக்கை.

"அம்மா, நீங்க நடந்தது பதிவாயிடுச்சு. சிரிப்புப் படம்னு நினைச்சு உங்களைப் போய் நடக்கச் சொல்லிட்டேன். இப்பவே அழிச்சிடச் சொல்லட்டுமா?"

மாமியார் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். கொஞ்சம் யோசித்தார்.

"அழிக்காதே. படத்துல வையி. எல்லா ஊருலயும் போடுவீங்கல்ல?"

"போடுவோம்மா."

"அப்ப நல்லா சத்தமா வையி. அவன் ஒரு படத்தையும் விட மாட்டான். முதல் நாளே போய் முன் வரிசையில உக்காருவான்."

கண்ணாடிக்காரர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். ரயில் டிக்கெட்டைப் பற்றி யாருக்கும் நினைவு வரவில்லை. மகன் வெளியே வராந்தாவில் இருந்த அம்மாவின் பெட்டியை எடுத்துக் காரில் வைத்தான். எங்கே போகிறோம் என்று அவனும் சொல்லவில்லை, மாமியாரும் கேட்கவில்லை. வண்டி வீட்டுப் பக்கம் திரும்பியது.